சன்னலுக்கு வெளியே கேட்காத மொழிகள்

சென்ற மாதம் எங்கள் ஆய்வு மாணவர் குழுவில் நண்பர் ஒருவர் ஒரு பட்டியலைப் பகிர்ந்திருந்தார். உலகின் மிக அழகிய நெடுந்தொலைவு ரயில் பயணங்கள் என்று தலைப்பு. சுவிட்சர்லாந்தின் கிளேசியர் எக்ஸ்பிரஸ், மாஸ்கோவிலிருந்து விளாதிவஸ்தோக் வரை 9,289 கி.மீ. ஓடும் டிரான்ஸ் சைபீரியன், கொழும்பிலிருந்து பதுளை செல்லும் இலங்கை மலை ரயில், நமது நீலகிரி மலை ரயில், இவற்றோடு விசாகப்பட்டினத்திலிருந்து அரக்குப் பள்ளத்தாக்கின் வழியே கிரந்துல் போகும் வண்டியும் இருந்தது. இதயக் குறிகள் குவிந்தன. நானும் ஒன்றை இட்டேன். பிறகு இரவெல்லாம் அந்தப் பட்டியல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதிலிருந்த பாதைகளை நினைத்துப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை மொழியியல் மாணவர்களாகிய நாம் வேறொரு பட்டியலில் படித்த நிலங்களின் ஊடே செல்கின்றன என்பது புலப்பட்டது. அந்த வேறொரு பட்டியலின் தலைப்பு: அருகிவரும் மொழிகள்.

நான் வசிப்பது அல்வாலில். (தமிழ்நாட்டு உறவினர்களிடம் இப்பெயரைச் சொன்னால் தவறாமல் ‘ஆழ்வார்’ என்றே கேட்டுக்கொள்கிறார்கள், திருத்துவதை நான் நிறுத்திவிட்டேன்.) வீட்டிற்குச் சற்றுத் தொலைவில் ஓடும் தண்டவாளம் செகந்திராபாத்திலிருந்து நிஜாமாபாத், நாந்தேடு, ஔரங்காபாத் வழியாக மன்மாடு செல்வது. நிஜாம் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய தறுவாயில், மீட்டர் கேஜ் பாதையாக இடப்பட்டது. அஜந்தா எக்ஸ்பிரஸ் இன்றும் இதன் வழியேதான் போகிறது. 2023 ஏப்ரலிலிருந்து மேட்சல் வரை புறநகர் ரயிலும் ஓடுகிறது. இந்தப் பாதையை எந்த அழகுப் பட்டியலிலும் எவரும் சேர்க்கமாட்டார்கள். வீடுகளின் பின்புறங்கள், கன்டோன்மென்டின் நீண்ட மதில்கள், மேட்சல் தாண்டினால் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் கருங்கற் பாறைகள், அவ்வளவே. ஆனால் காலை வண்டியில் சஃபில்குடாவிலிருந்து அல்வால் வருவதற்குள் தெலுங்கு, தக்கினி, பாசறைக் குடும்பங்களின் மலையாளம், கட்டட வேலைக்கு வந்தோரின் ஒடியா, மூன்று நான்கு தலைமுறையாக இங்கேயே வாழும் கன்டோன்மென்ட் தமிழர்களின் தமிழ் என அத்தனையும் காதில் விழும். காட்சி சுமார்தான், கேள்வி செழிப்பானது. கேள்வி என்ற சொல்லைக் குறளில் அந்த அதிகாரத்திற்குரிய பழைய பொருளில்தான் ஆள்கிறேன்.

என் கருத்து எளியது. அழகிய ரயில் பயணம் என்று நாம் இன்று கொண்டாடுவது, ஒலி நீக்கப்பட்ட நிலத்தை. நிலத்திலிருந்து அங்கு வாழ்வோரின் பேச்சைக் கழித்தால் எஞ்சுவதற்குக் ‘காட்சி’ என்று பெயரிட்டு, அதைத் தனிக் கட்டணத்திற்கு விற்கிறோம். தொல்காப்பியம் கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் வைத்திருக்கிறது. அதாவது ஒரு நிலத்துக்குரிய ஒலியும் அந்த நிலத்தின் உறுப்பு. நம் இலக்கணக்காரருக்கு இது விளக்கம் தேவைப்படாத செய்தியாக இருந்திருக்கிறது. சுற்றுலாவின் இலக்கணத்தில் பறைக்கும் யாழுக்கும் இடமில்லை. மலை, அருவி, பாலம், மூடுபனி ஆகியவற்றோடு பட்டியல் முடிந்துவிடுகிறது.

அரக்கு வண்டியைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் ஐதராபாத்தில் படிக்கும் எவரும் ஒருமுறையாவது அதில் ஏறிவிடுகிறோம். மாலையில் கோதாவரி எக்ஸ்பிரஸில் புறப்பட்டால் விடியலில் விசாகப்பட்டினம். அங்கிருந்து காலையில் கிரந்துல் வண்டி. கொத்தவலசையில் பிரியும் இந்தப் பாதை ஏறக்குறைய 445 கி.மீ. நீளமுடையது, ஐம்பத்தெட்டுச் சுரங்கப்பாதைகள் உண்டு, வழியிலுள்ள சிமிலிகுடா நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 996 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நெடுங்காலம் அதுதான் உலகின் மிக உயரமான அகலப்பாதை நிலையம் என்று அரக்கு செல்வோரிடம் பெருமையாகச் சொல்லப்பட்டுவந்தது. இவ்வளவு கடினமான பாதையை 1960களில் ஏன் குடைந்தார்கள்? பைலாடிலா மலையின் இரும்புத்தாதுவை விசாகப்பட்டினம் துறைமுகத்திற்குக் கொண்டுவந்து ஜப்பானுக்கு அனுப்புவதற்காக. காட்சிக்காக எவரும் இதைக் கட்டவில்லை. இலங்கை மலைப்பாதை முதலில் காப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் கட்டப்பட்டது போலத்தான். பட்டியல்களில் வரும் பல பாதைகள் சரக்குப் பாதைகளாகப் பிறந்தவை. அழகு அவற்றின்மேல் பின்னர் ஒட்டிய விளம்பரத்தாள்.

2017இல் இந்த வண்டியில்தான் விஸ்டாடோம் பெட்டி இணைக்கப்பட்டது. கண்ணாடிக் கூரையும் அகன்ற கண்ணாடிச் சன்னல்களும் சுழலும் இருக்கைகளும் கொண்டது. சென்ற ஆண்டு நாங்கள் நால்வர் அதில் போனோம். குளிர்சாதனம் ஓடியது, சுரங்கப்பாதை வரும்போதெல்லாம் பயணிகள் சேர்ந்து கூவினார்கள், நாங்களும் கூவினோம். மறுக்கமாட்டேன், அனந்தகிரி மலைச்சரிவு அந்தக் கண்ணாடியில் வந்து நின்ற விதம் மறக்கக்கூடியதன்று. ஆனால் போர்ரா குகை நிலையத்தில் வண்டி நின்றபோது நடைமேடையில் கொய்யாப்பழக் கூடையோடு இரு பெண்கள் ஒருவரையொருவர் அழைத்து ஏதோ சொல்லிச் சிரித்ததைப் பார்த்தேன். உதடுகள் அசைந்தன. எந்த மொழி என்று தெரியவில்லை. மொழியியலில் முதுகலை படித்து, திராவிட மொழிகளில் ஆய்வு செய்கிற எனக்கும் அந்த நிலத்துக்கும் நடுவே ஓர் அங்குலக் கண்ணாடி இருந்தது.

அந்த நிலம் எப்படிப்பட்டது என்பதை இதைப் படிக்கும் மாணவர்களுக்குச் சொல்லவேண்டும். விசாகப்பட்டினத்திலிருந்து கிரந்துல் வரை வண்டி ஆந்திரம், ஒடிசா, சத்தீஸ்கர் என்னும் மூன்று மாநிலங்களைக் கடக்கிறது. பெயர்ப்பலகையின் முதல் வரி தெலுங்கு எழுத்திலிருந்து ஒடியாவுக்கும், பின் தேவநாகரிக்கும் மாறுகிறது. பலகையை மட்டும் பார்ப்பவர், இங்கே தெலுங்கர்கள் முடிந்து ஒடியர்கள் தொடங்குகிறார்கள் என்று முடிவு கட்டிவிடலாம். உண்மையில் அரக்குப் பகுதியில் கொண்டா என்னும் கூபி மொழி. ஆந்திர எல்லையின் இருபுறமும் குவி. கோராபுட் வட்டாரத்தில் ஒல்லாரி. ஜகதல்பூரைச் சுற்றிப் பர்ஜி என்கிற துருவா. அதற்கும் அப்பால் தந்தேவாடாவில் கோண்டி. இவை அனைத்தும் திராவிட மொழிகள். இவற்றோடு முண்டா குடும்பத்தைச் சேர்ந்த குதோப். சந்தையில் எல்லோருக்கும் பொதுவாக ஒடிசா பக்கம் தேசியா, பஸ்தர் பக்கம் ஹல்பி, இரண்டும் இந்தோ ஆரியம். கதபர் என்ற ஒரே இனப்பெயரைத் தாங்கிய மக்களில் ஒரு பிரிவினர் பேசுவது திராவிட ஒல்லாரி, மற்றொரு பிரிவினர் பேசுவது முண்டா மொழியான குதோப் என்பதை வகுப்பில் முதன்முதலாகக் கேட்டபோது நான் அடைந்த வியப்பு இன்றும் நினைவிருக்கிறது. மூன்று மொழிக்குடும்பங்கள் ஒரே பகற்பொழுதின் ரயில் பாதையில் அருகருகே வாழ்கின்றன. உலகப் பட்டியலில் இந்த வண்டிக்கு இடமளிக்க இதைக் காட்டிலும் வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. பட்டியலில் எழுதியிருந்தது அருவிகளையும் காப்பித் தோட்டங்களையும் பற்றி.

நம்மவர்கள் இதை அறியாதவர்களும் அல்லர். உஸ்மானியாவில் மொழியியல் துறையைத் தொடங்கியவரும் பின்னர் ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவருமான பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, அரக்கு மலைகளுக்குச் சென்று கொண்டா மொழியைக் கற்று அதற்கு இலக்கணம் எழுதினார். 1969இல் நூலாக வந்தது. தாமஸ் பர்ரோவும் சுதிபூஷண் பட்டாசார்யாவும் 1953இலேயே பர்ஜி பற்றி நூல் வெளியிட்டார்கள். திராவிட ஒப்பிலக்கணத்தில் நாம் எழுதும் ஒவ்வொரு பத்தியும் இந்த மலைகளிலிருந்து கடன் வாங்கியது. அதே மலைக்கு நாம் இன்று போவது கண்ணாடிப் பெட்டியில்.

திரும்பி வரும்போது கோராபுட்டிலிருந்து அரக்கு வரை நானும் என் தெலுங்குத் தோழியும் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறினோம். கொள்கையால் அன்று, முன்பதிவு கிடைக்கவில்லை. எதிரே இலைக்கட்டுகளோடு ஓர் அம்மா, மடியில் ஐந்து வயதுச் சிறுமி. அவர் எங்களிடம் தேசியாவிலும் அரைகுறைத் தெலுங்கிலும் பேசினார், சிறுமியிடம் வேறொன்றில். தோழி எந்த மொழி என்று கேட்டாள். குவி என்றார். நான் ஆர்வம் தாளாமல் என் கண்ணைத் தொட்டுக் காட்டினேன். “கன்னு” என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. தோழி உடனே, “தெலுங்கிலும் அதுதானே, நமக்காகத் தெலுங்கில் சொல்லியிருப்பார்” என்று தண்ணீர் ஊற்றினாள். ஆய்வாளர் என்றால் அவள்தான் ஆய்வாளர். ஆகவே இரண்டு கண்களையும் தொட்டுக் காட்டினேன். தெலுங்கென்றால் ‘கள்ளு’ என்று வரவேண்டும். சிறுமி முந்திக்கொண்டு “கன்க” என்றாள். பிறகு அந்த அம்மா என் மொழி என்ன என்று கேட்டு, பேசிக் காட்டச் சொன்னார். நான் ஏதோ இரண்டு வாக்கியம் சொன்னேன். இருவரும் நெடுநேரம் சிரித்தார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் சன்னலுக்கு வெளியே மலை எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

நான் பார்த்த நிலையங்களில் ஒன்றின் பலகையிலும் அவர்கள் மொழியில் ஒரு வரி இல்லை.

பலகையில் நான்காவது வரி சேர்ப்பதால் ஒரு மொழி பிழைத்துவிடுமா என்று நீங்கள் கேட்பீர்கள். பிழைக்காது. வீட்டில் பேசப்படுவதும் தொடக்கப் பள்ளியில் கற்பிக்கப்படுவதுமே மொழியைக் காப்பவை. இதை நான் ஆய்வேட்டிலேயே எழுதியிருக்கிறேன். எனினும் பலகை என்பது அரசு ஒரு நிலத்தைப் பார்த்து ‘இது இன்னாருடைய ஊர்’ என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளும் மிகச் சிறிய ஆவணம். அதற்குப் பெரும் செலவில்லை. செகந்திராபாத் நிலையத்தில் உருதும் சேர்ந்து நான்கு மொழிகள் ஏற்கெனவே இடம்பெறுகின்றன, எவரும் வழி தவறிப் போய்விடவில்லை. கிழக்கே சந்தாலி மக்கள் வாழும் பகுதியில் சில நிலையங்களில் ஒல் சிக்கி எழுத்தும் ஏறியிருக்கிறது. சந்தாலி எட்டாவது அட்டவணையில் சேர்ந்த மொழி, கோண்டியும் குவியும் சேராதவை என்று விதியைக் காட்டுவார்கள். 2011 கணக்கெடுப்பின்படி கோண்டி பேசுவோர் ஏறத்தாழ 29 லட்சம் பேர் என்பதை அந்த விதிக்கு அருகில் எழுதிவைக்க விரும்புகிறேன்.

இதே பட்டியலின் உச்சியில் வழக்கமாக இருக்கும் சுவிட்சர்லாந்தை இங்கே கவனிக்கலாம். செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை 1930 முதல் ஓடும் கிளேசியர் எக்ஸ்பிரஸ், பயணத்தின் கிழக்குப் பாதியில் ரேத்திய ரயில்வேயின் தண்டவாளத்தில் செல்கிறது. அந்த ரயில்வே தன் பெயரை ஜெர்மன், இத்தாலியம், ரோமான்ஷ் என மூன்று மொழிகளிலும் வைத்திருக்கிறது. ரோமான்ஷ் பேசுவோர் ஒரு லட்சத்திற்கும் குறைவு. இடையிலுள்ள ஒரு நிலையத்தின் பெயர் ‘டிசென்டிஸ் / முஸ்டேர்’. முன்னது ஜெர்மன், பின்னது ரோமான்ஷ். ஜெர்மன் பெருமொழியின் நெருக்கத்தில் ரோமான்ஷ் அங்கும் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. சுவிட்சர்லாந்தைச் சொர்க்கமாக்கிக் காட்டுவது என் நோக்கமன்று. ஆனால் ஆல்ப்ஸைப் பார்க்கவரும் பயணி, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், இங்கே இப்படி ஒரு மொழி உண்டு என்பதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறான். அரக்கு போய்வந்த என் நண்பர்களில் எத்தனை பேர் குவி என்ற பெயரைக் கேட்டிருக்கிறார்கள்?

மற்றவர்களைக் குறைசொல்லும் உற்சாகத்தில் நம் வீட்டை மறந்துவிடக்கூடாது. நீலகிரி மலை ரயில் 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகை வரையிலும் வந்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பற்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டுக்கு ஒன்று என்ற செங்குத்தில் ஏறும் அந்த வண்டியை யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. கடைசி நிலையத்தின் பெயர் உதகமண்டலம். ஆங்கிலேயர் எழுதிய ‘ஊட்டகமண்ட்’ என்ற வடிவின் இறுதியிலிருந்த ‘மண்ட்’ தோடர்களின் குடியிருப்பைக் குறிக்கும் சொல்; நாம் மந்து என்போம். ஆங்கிலேயன் காதில் விழுந்ததை அரைகுறையாகவேனும் எழுதிவைத்தான். நாம் தமிழாக்கம் செய்கிறோம் என்று அதை ‘மண்டலம்’ ஆக்கினோம். கேட்பதற்கு மிடுக்காக இருக்கிறது. தோடர்களின் மந்து மட்டும் அதில் கேட்கவில்லை. 1930களில் எமனோ அந்த மலையில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளைப் பதிந்துவைத்தார். ஏறக்குறைய 2,000 பேர் மட்டுமே உள்ள தோடர்களின் மொழிக்குத் திராவிட மொழியியலில் தனி இருக்கை உண்டு. அவர்கள் மலையில் நிற்கும் பலகையிலோ நம் மொழி முதல் வரியில் இருக்கிறது, அவர்களுடையது எங்கும் இல்லை. ரயில்வேயைக் கேட்கும் கேள்வியை இங்கே தமிழரைக் கேட்கவேண்டியிருக்கிறது. தமிழ் இங்கே பெருமொழி.

பலகையில் இடம் கிடைத்துவிட்டால் போதும் என்று வாதிடுகிறேன் என நினைக்கவேண்டாம். எதிர்ச்சான்று இலங்கையில் இருக்கிறது. பதுளைப் பாதையின் நிலையங்களில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் உண்டு. அட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று தமிழில் எழுதியிருக்கும். உலகெங்கிலுமிருந்து வருவோர் அந்த வண்டியின் கதவில் தொங்கிக்கொண்டு எடுக்கும் படங்களில், பின்னணியில் சிறு வண்ணப்புள்ளிகளாகத் தெரிவோர் மலையகத் தமிழ்ப் பெண்கள். கொழுந்து பறிக்கும் அவர்களும் காட்சியின் பகுதியாக்கப்பட்டவர்களே. அந்த மக்களின் குடியுரிமையை 1948 சட்டம் பறித்தது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. மலையகத்திலிருந்து இங்கே படிக்க வந்த தோழி ஒருத்தி சொல்லித்தான் எனக்கு இந்தச் சொல் தெரியும்: மலையகத் தமிழில் ரயிலுக்குக் ‘கோச்சி’ என்று பெயர். தாயகம் திரும்புவோர் என்ற முத்திரையோடு, தாங்கள் ஒருநாளும் பார்த்திராத தாயகத்துக்குச் சென்றவர்களை மலையிலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற வண்டியை அவர்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். நடைமேடையில் நின்றவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் சேர்ந்து அழுத ஒலி அந்தப் பெயரில் இருக்கிறது. ஓடியது இன்று உலகப் பட்டியல்களில் வரும் அதே மலைப்பாதையில். ஒன்பது வளைவுப் பாலத்தைப் படமெடுப்பவர்கள் கையிலுள்ள எந்தக் கையேட்டிலும் இந்தப் பெயரை நான் பார்த்ததில்லை.

அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுப்பதற்காகத்தான் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. டான்டீ என்று அறிகிறோம். ஓர் அழகிய ரயில் பாதையின் ஓரத்திலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள், கடல் கடந்து, இன்னோர் அழகிய ரயில் ஏறும் மலையில், தோடரும் கோத்தரும் வாழ்ந்த நிலத்தில், மீண்டும் தேயிலைச் செடிகளுக்கிடையே நிறுத்தப்பட்டார்கள். அவர்களோடு கோச்சி என்ற சொல்லும் வந்திருக்கும். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் களப்பணி செய்வோர் எவரேனும் மூன்றாம் தலைமுறையிடம் அச்சொல் எஞ்சியிருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கவேண்டும். ஓர் இளமுனைவர் பட்டத்துக்குப் போதுமான பொருள் அதில் இருக்கிறது.

விஸ்டாடோமை ஒழிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. வயதானவர்களும் குழந்தைகளும் வசதியாக மலையைப் பார்ப்பதில் என்ன பிழை? என் அம்மாவை அழைத்துச் செல்வதானால் நானே அதில்தான் சீட்டு எடுப்பேன். ஆனால் பெட்டிக்குள் ஓடும் அறிவிப்பில், இப்போது நாம் கடப்பது குவி பேசும் மக்களின் நிலம் என்று ஒரு வாக்கியம் சேர்க்கலாம். அந்த வாக்கியத்தைக் குவியிலேயே ஒருவர் சொல்லலாம். அரக்குக்கும் கோராபுட்டுக்கும் நடுவே அதைச் சொல்லத்தக்க குரல்களுக்குப் பஞ்சமில்லை. சுரங்கப்பாதைகளின் எண்ணிக்கையைச் சொல்வதற்கு நேரமிருக்கிறதென்றால் இதற்கும் இருக்கும்.

ஆய்வு மாணவர்களிடம் எனக்கு வேறொரு கோரிக்கை. உங்கள் களத்திற்கு அருகிலுள்ள ரயில் நிலையத்தின் பெயரை, பலகையில் உள்ளபடி அல்லாமல், அங்கு வாழ்வோர் தம் மொழியில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே பதிந்து எனக்கு அனுப்புங்கள். சொல்பவரின் ஒப்புதலும், வயதும், அவர் வீட்டில் பேசும் மொழியும் உடன் இருந்தால் போதும். கொத்தவலசையிலிருந்து கிரந்துல் வரை உள்ள நிலையங்களில் இதுவரை என்னிடம் சேர்ந்தவை பதினொன்று. சிமிலிகுடாவுக்கு மட்டும் மூன்று வேறு உச்சரிப்புகள் வந்திருக்கின்றன. ஐப்பசி விடுமுறையில் மீதத்தைச் சேகரிக்கப் போகிறேன், முன்பதிவில்லாப் பெட்டியில். உடன் வர விரும்புவோர் தெரிவிக்கலாம். தோழி வருவதாகச் சொல்லியிருக்கிறாள், ஆகவே ‘கன்னு’ போன்ற சான்றுகள் எளிதில் தேறமாட்டா.